படகுடைமையும் நீர்வழிப் பொறுப்பும்: தென் பக்கிங்ஹாம் கால்வாயின் நாவலூர்ப் பகுதியை முன்வைத்து (1890–2021)

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் தென் புறநகர்ப் பகுதியான நாவலூரின் கிழக்கே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சரக்குப் படகுகளின் வழியாக இருந்தது. இன்று அது பெரும்பாலும் வடிகாலாக மட்டுமே அறியப்படுகிறது. உள்நாட்டு நீர்வழியில் ஒருவர் படகு வைத்திருப்பதற்கு 1890, 1917, 2021 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் விதித்த நிபந்தனைகளை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது. மூன்று சட்டங்களிலும் படகு உரிமையாளரின் கடமை கட்டாயமாகவும் நீர்வழியைப் பேணும் அரசின் பங்கு விருப்ப அதிகாரமாகவும் அமைந்துள்ளன என்பதும், இந்தச் சமனின்மையே கால்வாயில் படகுகள் மறைந்ததைச் சட்ட நோக்கில் கேள்விக்கு உட்படாத நிகழ்வாக்கியது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பக்கிங்ஹாம் கால்வாய், நாவலூர், படகு உரிமம், உள்நாட்டு நீர்வழி, உப்புப் போக்குவரத்து, தேசிய நீர்வழி 4

முன்னுரை

தமிழகக் கடல்வழி வணிகம் குறித்த ஆய்வுகள் விரிவாக நிகழ்ந்துள்ளன. அவற்றோடு ஒப்பிடுகையில் கரையோர உள்நாட்டு நீர்வழிகள் பெற்ற கவனம் குறைவு. பக்கிங்ஹாம் கால்வாய் பற்றிய எழுத்துகளும் இரு போக்குகளில் அடங்குகின்றன. ஒன்று, அதன் வெட்டுமானத்தைப் பொறியியல் சாதனையாகவோ பஞ்ச நிவாரணப் பணியாகவோ விவரிப்பது. மற்றொன்று, அதன் இன்றைய மாசையும் ஆக்கிரமிப்பையும் சூழலியல் நோக்கில் பேசுவது. இவ்விரண்டிற்கும் நடுவே, அந்நீரில் படகு வைத்துப் பிழைத்தவரின் சட்ட நிலை என்ன என்ற வினா விடுபட்டுப்போகிறது.

நிலவுடைமையைப் போன்றதன்று படகுடைமை. நிலத்தின் பயன் அந்நிலத்திலேயே உள்ளது. படகின் பயனோ பிறரின் பராமரிப்பில் உள்ள நீரின் ஆழத்தையும் கரையையும் பாலத்தின் உயரத்தையும் சார்ந்தது. கால்வாய்ப் படகுக்காரருக்குச் சொந்தமானவை பலகையும் பாயும் கழியும் கயிறும் மட்டுமே. ஏனைய அனைத்தும் அரசுடையவை. ஆகவே படகுடைமை பற்றிய விதிகளை ஆராய்வது அரசுக்கும் படகுக்காரருக்கும் இடையிலான உறவை ஆராய்வதாகவே அமையும். அவ்வுறவின் போக்கை நாவலூர்ப் பகுதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. கால்வாயின் உருவாக்கமும் நாவலூர்ப் பகுதியும்

இக்கால்வாயின் தொடக்கம் தனியார் முயற்சி. கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் 1801இல் இசைவு பெற்ற பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டுவித்தார். 1806இல் முடிவுற்ற அது அவர் பெயராலேயே வழங்கியது. படகுகளிடம் சுங்கம் பெறும் உரிமை முதலீட்டின் பயனாக அவருக்குக் கிடைத்தது. 1837இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, வழியைப் பேணுபவரும் சுங்கம் பெறுபவரும் அரசே என்ற நிலை உருவாயிற்று. இவ்விரு வேலைகளும் ஒரே கையில் சேர்ந்தது பின்வரும் விவாதத்திற்கு அடிப்படையானது.

அதன் பின்னர் வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக வெட்டப்பட்ட பகுதிகள், 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தின்போது ஒன்றிணைக்கப்பட்டன. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி 1877–78இல் நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. 1882அளவில் வடக்கே பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீளத்திற்கு நீர்வழி அமைந்தது. வடமுனையில் கொம்மமூர்க் கால்வாயுடன் இணைந்து கிருஷ்ணா, கோதாவரிப் பாசனக் கால்வாய்களையும் அது எட்டியது.

தென்பகுதி அடையாற்றிலிருந்து புறப்பட்டுத் திருவான்மியூர், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், கேளம்பாக்கம் ஆகிய ஊர்களை ஒட்டிச் சென்று முட்டுக்காடு–கோவளம் கழிமுகத்தையும், அதற்குத் தெற்கே பாலாற்று முகத்துவாரத்தையும் கடந்து மரக்காணத்தை அடைகிறது. இன்றைய ராஜீவ் காந்தி சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையே கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக இது அமைந்துள்ளது. மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் நன்னீர்க் கால்வாயன்று இது. கடல்மட்டத்தில் வெட்டப்பட்டு, ஓதத்தால் நீர் பெறும் உவர்நீர்க் கால்வாய். ஆற்று முகத்துவாரம் திறந்திருக்கும்போது நீர் வடிந்துவிடாமல் காக்கவும், வெள்ளம் புகாமல் தடுக்கவும் ஆறுகளைக் கடக்கும் இடங்களில் நீர்ப்பூட்டுகள் கட்டப்பட்டன. மக்கள் இவற்றை 'லாக்' என்றே அழைத்தனர். நீர்ப்பூட்டு பழுதுபட்டால் படகு மிதக்கும் ஆழமும் குறையும் என்பதால், பராமரிப்பு இவ்வழியின் உயிர்நிலையாக இருந்தது. ஏ. எஸ். ரஸ்ஸல் 1898இல் வெளியிட்ட கால்வாய் வரலாறு, எதிர்காலப் பராமரிப்புக்கான வழிகாட்டி என்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது இதனால்தான்.

2. 1890ஆம் ஆண்டுச் சட்டம்: கடமையும் அதிகாரமும்

சென்னை மாகாணக் கால்வாய்கள் மற்றும் பொதுப் படகுத்துறைகள் சட்டம் (1890ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம்) இந்நீர்வழிகளின் ஆளுகைக்கு அடித்தளமிட்டது. அது இருவகைப் பொருள்களைக் கையாண்டது. முதலாவது, படகுகள் நெடுக்காகச் செல்லும் கால்வாய்களும் நீர்வழித் தடங்களும். இரண்டாவது, மக்கள் குறுக்காக நீரைக் கடக்கும் துறைகள். நாவலூர் போன்ற ஊர்களுக்கு இரண்டுமே தேவையாயின. மேற்கே வயலும் ஏரியும், கிழக்கே மணற்பாங்கான கடற்கரையும் இருக்க, கால்வாய் ஒரே வேளையில் வழியாகவும் தடையாகவும் இருந்தது.

சரக்குக்காகவோ ஆள் ஏற்றவோ படகு ஓட்ட விரும்பியவர் அதனைப் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். கொள்ளளவை ஒட்டிய கட்டணத்தையும் சுங்கத்தையும் செலுத்த வேண்டும். கால்வாயில் தடை ஏற்படுத்தக் கூடாது. கட்டணம் செலுத்தாத படகைத் தடுத்து வைக்கும் அதிகாரம் அலுவலர்க்கு இருந்தது. படகுக்காரருக்கு ஒரு நாள் தடுப்பு என்பது கட்டணத்தை மட்டும் குறித்ததன்று. ஆட்களின் கூலியும், பெட்டிக்கடைக் கடனும், ஓதம் தவறிய பயணமும் அதில் அடங்கின.

இதற்கு எதிராக அரசு ஏற்ற பங்கு என்ன? நீர்வழியை அறிவித்தல், தூர் எடுத்தல், தடைகளை அகற்றல், விதிகள் இயற்றல் ஆகியவற்றைச் சட்டம் அரசின் அதிகாரங்களாகத் தந்தது. அதிகாரம் என்பது செய்யலாம் என்ற இசைவு. செய்தே தீர வேண்டும் என்ற கட்டளையன்று. படகுக்காரர் தரப்பிலோ ஒவ்வொன்றும் செய்தே தீர வேண்டியது. சுங்கம் என்பது நீர்வழியின் பயனுக்கு ஈடாகப் பெறப்படுவது என்ற காக்ரேன் காலத்து அடிப்படை இதனால் மாறிற்று. ஈடு கட்டாயமாயிற்று, பயன் நிருவாகத்தின் விருப்பத்தைச் சார்ந்ததாயிற்று.

எனினும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சமனின்மை வெளிப்படையாகத் தெரியவில்லை. கால்வாய் அரசுக்கும் தேவைப்பட்டதால் பராமரிப்பு நடந்தது. அத்தேவைக்கான முதன்மைக் காரணம் உப்பு.

3. உப்பு, விறகு, ஆள்பலம்: படகுக்காரரின் கணக்கு

தென் கால்வாயில் வடக்கு நோக்கிச் சென்ற சரக்குகளில் உப்பும் விறகும் முதன்மையானவை. கோவளம்–கேளம்பாக்கம், செய்யூர், மரக்காணம் பகுதிகளின் உப்பளங்கள் கழிமுக நீரை நம்பியவை. அவற்றின் விளைபொருளும் அதே நீர்வழியே சென்னைக்குச் சென்றது. நகரின் பேசின் பிரிட்ஜ் என்னும் பெயர் கால்வாய்ப் படகுகள் தங்கிய நீர்த்தொட்டியையும், சால்ட் கொட்டாஸ் என்னும் பெயர் உப்புக் கொட்டாரங்களையும் இன்றும் நினைவூட்டுகின்றன. கடற்கரை மணலில் வளர்க்கப்பட்ட சவுக்கு நகரின் அடுப்புகளுக்கு விறகாயிற்று.

உப்பு ஏற்றிய படகின் உரிமையாளர் இரு துறைகளுக்குக் கட்டுப்பட்டவர். கால்வாய்ச் சட்டத்தின்படி படகுக்கும், 1889ஆம் ஆண்டுச் சென்னை உப்புச் சட்டத்தின்படி சரக்குக்கும் ஆவணம் வேண்டும். உப்பு வரி அரசின் முக்கிய வருவாயாதலால் அளத்திலிருந்து உப்பு வெளியேறுவது அனுமதிச் சீட்டின்றி இயலாது. ஈரம் பட்டுக் கரைவதும், மூட்டை உலர்ந்து எடை குறைவதும் உப்பின் இயல்பு. சீட்டில் எழுதிய எடைக்கும் இறக்குமிடத்து எடைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் சுமை அதை ஏற்றிச் சென்றவர் மேல் விழக்கூடியது. விறகில் இச்சிக்கல் இல்லை. ஆயினும் அதன் விலை குறைவு, பருமன் மிகுதி. எனவே அதற்கு நீர்வழி ஒன்றே கட்டுபடியாகும் வழியாக இருந்தது.

படகைப் பேணுவதும் எளிதன்று. உவர்நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவின் தொல்லை உண்டு. படகைக் காலந்தோறும் கரையேற்றி, பலகை இடுக்குகளை அடைத்து, எண்ணெயோ தாரோ பூச வேண்டும். காற்று வாய்ப்பாக இருந்தால் பாய் விரிக்கலாம். இல்லையேல் கழி ஊன்றித் தள்ளவும், கரையில் நடந்து கயிற்றால் இழுக்கவும் ஆட்கள் வேண்டும். இதனால் கால்வாய்க் கரை வெறும் மண்மேடன்று, போக்குவரத்து உறுப்பு. கரை சரிந்தாலோ, முள் மண்டினாலோ, குடிசை எழும்பினாலோ படகு நின்றுவிடும்.

இவ்வுழைப்பைப் பற்றிய இலக்கியச் சான்று ஒன்று குறிப்பிடத்தக்கது. 1930களில் நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்கு இக்கால்வாயில் படகில் சென்ற பாரதிதாசன், அப்பயணத்தை 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையாக்கினார். கரையிலிருந்து கயிறு இழுப்பவரின் உழைப்பையும் கழியால் தள்ளுபவரின் உழைப்பையும் அக்கவிதை கவனத்திற்குக் கொண்டுவருகிறது. சட்ட ஆவணங்களில் படகு உண்டு, உரிமையாளர் உண்டு, கொள்ளளவு உண்டு, இழுத்தவர் இல்லை. பொறியில்லாப் படகே 20ஆம் நூற்றாண்டின் நான்காம் பத்தாண்டிலும் இக்கால்வாயில் வழக்கிலிருந்தது என்பதற்கும் அக்கவிதை சான்றாகிறது.

4. பொறியும் பொறியின்மையும்

1917ஆம் ஆண்டு உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம் (1917ஆம் ஆண்டின் 1ஆம் சட்டம்) இந்தியா முழுமைக்கும் பொதுவான விதிகளைத் தந்தது. இது பிற்காலத் திருத்தத்தால் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் எனப் பெயர் மாறிற்று. தகுதி ஆய்வுச் சான்றின்றிக் கலம் புறப்படலாகாது. கலத்தை நடத்தும் சாரங்கு, பொறி இயக்குநர் ஆகியோர் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். கலம் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1977ஆம் ஆண்டுத் திருத்தம், மோட்டார் வண்டிகளுக்கு உரிய மூன்றாம் நபர் காப்பீட்டு முறையை இக்கலங்களுக்கும் விரித்தது.

இச்சட்டம் கங்கை, பிரம்மபுத்திரா போன்ற பேராறுகளின் நீராவிக் கப்பல்களை நோக்கி இயற்றப்பட்டது. நாவலூர் வழியே சென்ற கழிப்படகு இதன் எல்லைக்குள் வரவில்லை. இவ்வாறு, பொறியுள்ள கலத்திற்கு ஒரு சட்டம், பொறியில்லாக் கலத்திற்கு வேறொரு சட்டம் என்ற பிரிவு உருவாயிற்று.

அரசமைப்புச் சட்டம் இப்பிரிவை நிலைபெறச் செய்தது. ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் 24ஆம் பதிவு, நாடாளுமன்றம் தேசிய நீர்வழியென அறிவித்தவற்றில் பொறியால் இயங்கும் கலங்களின் போக்குவரத்தைக் கூறுகிறது. பொதுப் பட்டியலின் 32ஆம் பதிவு ஏனைய உள்நாட்டு நீர்வழிகளில் பொறிக்கலங்களைக் கூறுகிறது. இவற்றுக்கு உட்பட்டு, உள்நாட்டு நீர்வழிகளும் அவற்றின் போக்குவரத்தும் மாநிலப் பட்டியலின் 13ஆம் பதிவில் இடம்பெறுகின்றன. இதன் விளைவாக ஒரே கால்வாயில், ஒரே துறையில் கட்டப்பட்ட இரு படகுகள் இரு வேறு அதிகார வரம்புகளுக்கு உரியவை ஆகலாம். ஒன்றின் பின்புறத்தில் பொறி இருப்பதே வேறுபாடு.

5. நீர்வழி வடிகாலாதல்

கால்வாய்ப் போக்குவரத்தின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. வடபகுதியில் 1899இல் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் இடையே இருப்புப்பாதை இணைந்தது போட்டியைத் தோற்றுவித்தது. தென்பகுதியில் கடற்கரையை ஒட்டி இருப்புப்பாதை அமையவில்லை. இங்குப் போட்டி சாலையிலிருந்தே வந்தது. 1947இல் உப்பு வரி நீக்கப்பட்டதும் கால்வாயோடு பிணைந்திருந்த அரசின் வருவாய் நலன் தளர்ந்தது எனக் கருத இடமுண்டு. விறகின் இடத்தை மண்ணெண்ணெயும் எரிவாயுவும் எடுத்துக்கொண்டன. 1965–66, 1976 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் கட்டுமானங்களையும் சேதப்படுத்தின. அதன் பின் போக்குவரத்துக்கு உரிய நிலைக்குக் கால்வாய் மீட்கப்படவில்லை.

இங்குக் கவனிக்க வேண்டியது, கால்வாய் மூடப்பட்டதாக அறிவிக்கப்பட வேண்டிய தேவையே எழவில்லை என்பது. தூர் எடுப்பது அதிகாரமே அன்றிக் கடமையன்று. எனவே தூர் எடுக்காதது சட்ட மீறலன்று. உரிமம் பெற்ற படகுக்காரர் தம் உரிமத்தைக் காட்டி ஆழம் கேட்கச் சட்டத்தில் வழியில்லை. ஆண்டுக்காண்டு ஆழம் குறைந்தது, ஏற்றும் சுமை குறைந்தது, படகு கரையேறியது.

படகு நீங்கிய இடத்தில் வடிகால் முதன்மை பெற்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரி நீர் ஒக்கியம் மடுவு வழியாக இக்கால்வாயில் சேர்ந்து, தெற்கே நாவலூரைக் கடந்து முட்டுக்காட்டில் கடலை அடைகிறது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியபோது, ஏரிகளும் வயல்களும் தாங்கிய மழைநீரும் இவ்வழியை நம்பலாயிற்று. வடிகாலுக்கும் படகுக்கும் தேவைகள் வேறு. வடிகால் நீரை விரைவில் வெளியேற்ற வேண்டும். படகுக்கு நீர் நிற்க வேண்டும். நீர்ப்பூட்டு படகுக்குத் துணை, வெள்ளத்திற்குத் தடை. ஆயினும் தூரின்மை, ஆக்கிரமிப்பற்ற கரை, உயரமான பாலம் ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொதுவான தேவைகள். படகுப் போக்குவரத்து இருந்தவரை இம்மூன்றையும் நாள்தோறும் கண்காணிக்கப் படகுக்காரர் இருந்தனர் என்பது மறக்கப்பட்ட உண்மை.

நகருக்குள் நிலைமை இன்னும் கடினமானது. கடற்கரை–மயிலாப்பூர் பறக்கும் ரயில் பாதையின் தூண்கள் கால்வாய்ப் படுகையிலேயே நிறுவப்பட்டன. 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் திறக்கப்பட்ட அப்பாதையால் கூவம்–அடையாறு இணைப்பு குறுகியது. நாவலூர்ப் பகுதி செப்பனிடப்பட்டாலும் பழைய பேசின் வரை படகு செல்வது அரிது. நீர்வழியின் மதிப்பு அதன் தொடர்ச்சியில் உள்ளது. நடுவே ஓரிடம் அடைபட்டால் இருபுறமும் படகின் பயன் சுருங்குகிறது.

2015 டிசம்பர் வெள்ளம் இம்மாற்றத்தின் விளைவை வெளிச்சமிட்டது. தென் புறநகர்ப் பகுதிகளில் சிக்கியோரை மீட்கக் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்தனர். படகுக்கென வெட்டப்பட்ட கால்வாய் செல்லும் நிலப்பரப்பிற்குப் படகு சாலை வழியே வர வேண்டியிருந்தது. அவை கடல் மீன்பிடிப்புக்காகப் பதியப்படும் வகையைச் சேர்ந்தவை. உள்நாட்டு நீர்வழிச் சட்டங்களின் எல்லைக்குப் புறம்பானவை.

6. தேசிய நீர்வழி 4உம் 2021ஆம் ஆண்டுச் சட்டமும்

1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1986இல் இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் அமைந்தது. 2008இல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்த் தொடர், கழுவேலி ஏரி, கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகள் ஆகியன தேசிய நீர்வழி 4 என அறிவிக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டுத் தேசிய நீர்வழிகள் சட்டம் 111 நீர்வழிகளுள் ஒன்றாக இதனைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டது. தென் பக்கிங்ஹாம் கால்வாய் இதன் உறுப்பு. ஆக, நாவலூரின் கிழக்கெல்லையில் உள்ள நீர் சட்டப்படி தேசிய நீர்வழி, நடைமுறையில் வடிகால். ஆணையத்தின் பணிகளை விரிக்கும் சட்டப் பிரிவும் 'செய்யலாம்' என்னும் வாய்பாட்டிலேயே அமைந்திருப்பது 1890ஆம் ஆண்டின் தொடர்ச்சியைக் காட்டுகிறது.

1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் மூன்று மாற்றங்களைச் செய்தது. ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு நாடெங்கும் செல்லும்; பதிவு விவரங்கள் மின்னணுத் தரவுத்தளத்தில் சேர்க்கப்படும்; பொறியில்லாக் கலங்களுக்கும் தனி இயல் உண்டு. மூன்றாவது மாற்றம் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. மாநில அரசு பொறியில்லாக் கலங்களை வகைப்படுத்தி, அடிப்படைப் பாதுகாப்புத் தரங்களை வகுத்து, அவற்றின் பெயர்ப்பதிவை உள்ளாட்சி அமைப்புகள் வழியாக மேற்கொள்ள அச்சட்டம் வழிசெய்கிறது. பொறி என்னும் கோட்டிற்கு வெளியே நின்ற சிறுபடகு, ஒன்றிய அளவிலான சட்டம் ஒன்றில் முதன்முறையாக இடம்பெறுகிறது.

இதனால் பயனடைய வேண்டியவர் யார் என்பது முட்டுக்காடு கழிமுகத்தை நோக்கினால் விளங்கும். ஒருபுறம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் செயல்படுகிறது. மறுபுறம் சிறுபடகிலும் வலையிலும் பிழைக்கும் கழிமுக மீனவரும், கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும் அதே நீரை நம்பியுள்ளனர். பெயர்ப்பதிவு இவர்களது படகுக்கு ஓர் ஆவணத்தைத் தரும். பேரிடர் இழப்பீடு, காப்பீடு, மீட்புப் பணிக்கான அழைப்பு ஆகியவற்றுக்கு அவ்வாவணம் அடிப்படையாகலாம். அதேவேளையில், பதிவில்லாத படகை விலக்கும் கருவியாகவும் அது மாறலாம். ஓதநீர் பாயும் கரைகள் 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளின் கட்டுப்பாட்டில் இருப்பதால், படகு கட்டும் துறையை அமைப்பதும் தனி இசைவுக்கு உரியதாகிறது. படகு ஓர் அலுவலகத்திலும், கரை வேறோர் அலுவலகத்திலும், நீர் மூன்றாவது அலுவலகத்திலும் ஆளப்படும் நிலை இது.

முடிவுரை

நாவலூர்ப் பகுதிக் கால்வாயின் வரலாறு மூன்று முடிபுகளைத் தருகிறது. முதலாவதாக, காக்ரேன் காலத்தில் வழியின் பயனுக்கு ஈடாக இருந்த சுங்கம், 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசின் எதிர்க்கடமையோடு பிணைக்கப்படாத கட்டாயமாக மாறிற்று. இரண்டாவதாக, பொறியின் இருப்பை அளவுகோலாகக் கொண்ட 1917ஆம் ஆண்டுச் சட்டமும் அரசமைப்புப் பதிவுகளும், இக்கால்வாயில் பெருவழக்காயிருந்த கழிப்படகைத் தேசிய அளவிலான சட்ட வரையறைக்கு வெளியே நிறுத்தின. மூன்றாவதாக, 2021ஆம் ஆண்டுச் சட்டம் அப்படகை உள்ளே கொணர்ந்தபோதும், உரிமையாளருக்குக் கடமை, அரசுக்கு அதிகாரம் என்னும் பழைய அமைப்பை மாற்றவில்லை.

பெயர்ப்பதிவுக்கான மாநில விதிகள் வகுக்கப்படும்போது, பதிவு பெற்ற படகு மிதப்பதற்குரிய குறைந்தபட்ச ஆழமும் தடையற்ற கரையும் அரசின் கடமைகளாக எழுதப்படுமாயின், அது சிறுபடகினருக்கு மட்டுமன்றி வெள்ள வடிகாலை நம்பியுள்ள தென் புறநகர் மக்கள் அனைவருக்கும் காப்பாகும். வடபகுதிக் கால்வாயிலும், வேதாரணியம் கால்வாய் போன்ற பிற கரையோர நீர்வழிகளிலும் இதே வினாவை எழுப்பி ஒப்பிடும் ஆய்வுகள் இம்முடிபுகளை மேலும் செம்மைப்படுத்தும்.